மாமி பிடித்த பிறேக்

எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வந்து சேர வேண்டும். என் மாப்பிள்ளை பெட்டியோடு ஒரு மோட்டார் சைக்கிளையும் கொண்டுவந்தார். எழுபதுகளில் வந்த ஜப்பான் வண்டி. அவருடைய வாப்பா ஓடியது. வாப்பா மவுத்தான பிறகு அந்த வீட்டில் இவர் கேட்டு வாங்கியது அது ஒன்றைத்தான். சுபஹு தொழுதுவிட்டு வந்தால் முதல் வேலை அதைத் துடைப்பது. என்னை ஒருநாளாவது அந்தப் பார்வை பார்த்தீர்களா என்று நான் சண்டை பிடித்திருக்கிறேன். மனிதர் சிரித்துக்கொண்டே துடைப்பார்.

ஒரே வீட்டில் இருந்தாலும் மாமியும் மருமகனும் முகம் பார்த்துக் கதைப்பதில்லை. அதுதான் மரியாதை. இவர் வந்தால் உம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு குசினி அடுப்படிக்குப் போய்விடுவார். உம்மா வெளியே வரவேண்டுமென்றால் கதவுக்குப் பின்னால் நின்று செருமுவார், இவர் விலகிக்கொள்வார். மற்றக் கதையெல்லாம் என் வழியாகத்தான்.

"என்ன மீன் வாங்கிறது எண்டு கேளு."

"கிடைச்சத வாங்கட்டும் எண்டு சொல்லு."

சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று இரண்டு பேரும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். ஆனாலும் நான் போய்ச் சொல்ல வேண்டும். கல்முனையில் தொண்ணூறுகளில் ரெலிபோன் கடைகள் வந்துவிட்டன. எங்கள் வீட்டு ரெலிபோன் நான்தான்.

அந்த வண்டிக்கு முன்சில்லில் டிஸ்க் பிறேக். கைப்பிடியை அமர்த்தினால் ஒயில் ஒரு றப்பர் பைப் வழியே இறங்கிவந்து, சில்லோடு இருக்கும் கலிப்பரை நெருக்கும். கலிப்பர், சில்லோடு சுற்றும் இரும்புத் தட்டைக் கவ்விப் பிடிக்கும். நான் மகளைப் பெற்று அறைக்குள் இருந்த நாட்களில் அந்தப் பழைய பைப் வெடித்துவிட்டது. பெருந்தெருவிலிருந்து எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியவர் எவ்வளவோ அமர்த்தியும் வண்டி நிற்கவில்லை. உம்மா பாயில் காயப் போட்டிருந்த புழுங்கல் நெல்லுக்குள் போய்த்தான் நின்றது. ஊர்க் கோழிகளுக்கு அன்று பெருநாள்.

உம்மா என் அறை வாசலில் வந்து நின்று, முற்றத்துக்குக் கேட்கும்படி சொன்னார்.

"என்ட பேத்திய அதில ஏத்த விடமாட்டன். வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்குப் பிறகு அதப் பாக்க ஒரு ஆள் வருது. குடுத்துப்போட்டு வேற ஒண்டு எடுக்கட்டும்."

"அதுக்குள்ள பிறேக்கச் சரி செஞ்சா?" இது முற்றத்திலிருந்து.

"செஞ்சா பாப்பம் எண்டு சொல்லு."

நான் வாயைத் திறக்கவே இல்லை. கதை முடிந்துவிட்டது. மாமி வீட்டில் இருக்கும் மருமகன் அதற்கு மேல் என்ன கதைப்பார்? சீற்றின் மேல் கையை வைத்தபடி நின்றார். வாப்பாவின் தோளில் கை வைத்து நிற்பது போலத்தான் இருந்தது.

வியாழக்கிழமை காலையில் வெடித்த பைப்பைக் கழற்றினார். பைப்பைக் கலிப்பரோடு சேர்ப்பது ஒரு போல்ட். அதன் நடுவில் ஓட்டை இருக்கும். ஒயில் அதற்குள்ளால்தான் போகும். அதை மண்ணெண்ணெயில் கழுவிப் படியில் காய வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். முற்றம் கூட்ட வந்த உம்மா அதைக் கண்டு, கோழி கொத்திக்கொண்டு போய்விடுமே என்று எடுத்துத் தையல் மெசின் லாச்சியை இழுத்து உள்ளே பத்திரமாக வைத்துவிட்டார்.

இவர் திரும்பி வந்து தேடத் தொடங்கினார். படியில் தேடினார், வண்டிக்குக் கீழே தேடினார், மண்ணைக் கிண்டினார். நானும் பிள்ளையும் அசந்து தூங்குகிறோம். உம்மா கதவுக்குப் பின்னால், லாச்சியிலிருந்து எடுத்த போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தவிக்கிறார். கூப்பிட்டுச் சொல்ல வாய் வரவில்லை. கடைசியில் பலமாகச் செருமினார்.

இவர் என்ன செய்தார் தெரியுமா? மாமி முற்றத்துக்கு வரப் பார்க்கிறார் என்று மரியாதையாக விலகினார். விலகியவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே பஸாருக்குப் போய்விட்டார்! உம்மா இன்னும் இரண்டு தரம் செருமிப் பார்த்திருக்கிறார். இவர் இன்னும் வேகமாக மிதித்திருக்கிறார். இதை எல்லாம் இரண்டு பேரும் பிறகு தனித்தனியே என்னிடம் சொன்னபோது, யா றப்பே, இந்த இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு நான் எப்படிக் காலம் தள்ளுவேன் என்றிருந்தது.

பஸாரில் புதுப் பைப்பும் கிடைத்தது, போல்ட்டும் கிடைத்தது. "எல்லாம் ஒரே சைஸ்தான், கொண்டுபோய் இறுக்குங்க" என்றாராம் கடைக்காரர். பார்வைக்கும் அப்படியேதான் இருந்தது. ஆனால் கலிப்பருக்குள் இரண்டு சுற்றுப் போய் இறுகி நின்றுவிட்டது. இவருக்கும் அன்றைக்கு அவசரம். மறுநாள் ஆள் வரப்போகிறது. ஸ்பெனரின் பிடியில் ஒரு குழாய்த் துண்டைச் செருகி, ஏறி மிதிக்காத குறையாக அழுத்தத் தொடங்கினார்.

அந்தக் கிரீச் சத்தத்தில்தான் நான் விழித்தேன். கலிப்பர் மென்மையான உலோகம். போல்ட் சுற்றி இறங்கும் அதன் உட்புரி அழிந்தால் போனதுதான். அந்த வண்டிக்கு வேறு கலிப்பர் கொழும்பு வரை தேடினாலும் கிடைக்காது என்று இவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். நான் விழிக்கட்டும் என்று போல்ட்டோடு காத்திருந்த உம்மா ஓடிவந்தார்.

"புள்ள, இதத்தான் அவரு தேடினது. கெதியாக் குடு."

பிள்ளை என் மார்பில் கிடக்கிறது. அங்கிருந்தே கத்தினேன். என் சத்தத்துக்குப் பிள்ளை வீரிட்டது. அதன் சத்தத்தில் என் சத்தம் வாசலைக்கூடத் தாண்டவில்லை.

"நீங்க போய்க் குடுங்க உம்மா!"

"நானா?"

"அல்லாஹ்வுக்காகப் போங்க! புரி போனா வண்டி போச்சு!"

உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனார். நான் ஜன்னலால் பார்த்தேன்.

"மகன், இறுக்காதீங்க!"

இவர் கையிலிருந்து ஸ்பெனர் விழுந்தது. எழும்பி, மடித்துக் கட்டியிருந்த சாறனை அவசர அவசரமாக இறக்கிவிட்டார். உம்மா போல்ட்டை அவர் கையில் கொடுக்காமல் சீற்றின் மேல் வைத்தார். இவர் புதியதைப் பக்குவமாகத் திருப்பிக் கழற்றினார். இரண்டையும் புரியோடு புரி சேர்த்து வெயிலுக்கு நேரே பிடித்தார். ஒன்றோடு ஒன்று பொருந்தவில்லை. இடையால் வெளிச்சம் தெரிந்தது. புதியதன் புரி நெருக்கம். பழையதைக் கலிப்பரில் வைத்து விரலால் சுற்றினார். வழுக்கிக்கொண்டு அடிவரை போனது.

"அல்ஹம்துலில்லாஹ். புரி தப்பிட்டு." பிறகு நிலத்தைப் பார்த்தபடி, "எங்க மாமி கிடந்த?"

"லாச்சிக்குள்ள. நான் செருமினனே!"

"என்ன விலகச் சொல்றீங்க எண்டு நினைச்சன்."

உம்மா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியதை நான் கண்டேன்.

பைப்பைப் பூட்டினால் போதாது, உள்ளே இருக்கும் காற்றை எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கைப்பிடியை அமர்த்திப் பிடிக்க, மற்றவர் கலிப்பரின் சின்ன மூக்கைத் திறந்து மூடுவார். மூடும்வரை கைப்பிடியை விடக் கூடாது. வேறு யார் இருக்கிறார்கள்? உம்மா கைப்பிடியைப் பிடித்தார்.

"அமத்துங்க மாமி. அப்பிடியே புடிங்க."

"விட்டுட்டன்."

"ஐயோ, விடாதீங்க மாமி! காத்து திரும்ப ஏறிட்டு!"

"அத முதல்லயே சொல்லியிருக்கணும் மகன்! எனக்கென்ன பிறேக் வேலையா தெரியும்?"

கலியாணம் முடித்து வந்து அதுதான் அவர்களுக்குள் முதல் சண்டை. நான் பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வயிறு நோகச் சிரித்தேன். அஸர் பாங்கு சொல்லும்போது கைப்பிடி கல்லுப்போல் நின்றது. ஒழுங்கையில் ஓடிவந்து நிறுத்திக் காட்டச் சொன்னார் உம்மா. பாய்க்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. உம்மா நெல்லைத் துழாவிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை சொன்னபடி ஆள் வந்தது. சொறிக்கல்முனைப் பக்கத்து வயற்காரர், மரியாதையான மனிதர். வண்டியைச் சுற்றிப் பார்த்தார், ஒழுங்கையில் ஓடிப் பார்த்தார். இறங்கியபோது முகமெல்லாம் சிரிப்பு.

"பிறேக் சோக்கா இருக்கு. இண்டைக்கே கொண்டு போறன்."

இவர் பாடுபட்டுச் சரி செய்ததே வினையாகிவிட்டது. ஆளை வரச் சொன்னது உம்மா, பேசியது உம்மா. இவர் இடையில் என்ன சொல்வார்? சட்டைப் பையிலிருந்து வண்டித் திறப்பை வெளியே எடுத்துவிட்டார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. பிள்ளையை இறக்கிவைத்துவிட்டு நானே வெளியே போய்க் கத்தலாம் என்று எழும்பினேன்.

"தம்பி, குறை நினைக்காதீங்க." உம்மா படியில் இறங்கி நின்றிருந்தார். "இது இவர்ட வாப்பா ஓடின வண்டி. அதக் குடுக்க ஏலா."

வயற்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து முடித்துப் போனார்.

பகலைச் சாப்பாட்டுக்கு உம்மா வழக்கம்போல் கோப்பையில் சோறு போட்டு மூடி வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து இந்த மனிதர் வைத்ததை மட்டும் தின்றுவிட்டு எழும்புகிறவர். பசித்தாலும் கேட்கமாட்டார், இது மாமி வீடு. அன்றைக்குக் கோப்பை வெறுமையான பிறகும் அவர் எழும்பவில்லை.

"மாமி, இன்னும் கொஞ்சம் சோறு கிடக்கா?"

உம்மா பானையோடு வந்தார்.