செக்ரோல் அட்டைக்குப் பின்னால் நாலு நிமிஷம்

பழுப்பு நிற அட்டை அது. ஓரமெல்லாம் நைந்து, ஒரு மூலையில் மை கொட்டிய கறை இருக்கும். தேயிலைத் தோட்டத்தில் யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று தினமும் குறிக்கிற பெரிய புத்தகத்துக்குச் செக்ரோல் என்று பெயர். ஒரு பழைய செக்ரோலிலிருந்து கழன்று வந்த மேலட்டையை எங்கள் பெரிய கிளார்க் சினிமா காட்டும்போது மடியில் வைத்துக்கொண்டு, ப்ரொஜெக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். தொழிலாளிகள் பார்க்கக் கூடாது என்று அவர் நினைத்த காட்சி வந்ததும் அட்டையை எடுத்து லென்ஸுக்கு முன்னால் பிடிப்பார். திரை இருண்டுவிடும். காட்சி முடிந்ததும் எடுப்பார். அவர் செத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. செத்துப்போனவரை இன்னும் திட்டிக்கொண்டிருப்பது நன்றாயில்லை என்று என் மகன் சொல்கிறான். அவன் அந்த அட்டையைப் பார்த்ததில்லை.

நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூரில் மகனோடு இருக்கிறேன். போன வருஷம் பெட்டியைக் குடைந்தபோது, எழுபதுகளில் நான் சினிமா விமர்சனம் எழுதிவைத்த கோடு போட்ட நோட்டு கிடைத்தது. நாற்பத்தொரு படங்கள். அத்தனையையும் மறுபடி தேடிப் பார்த்து, பழைய விமர்சனத்துக்கு எதிர்ப்பக்கத்தில் புதிதாக ஒன்று எழுதுவது என்று உட்கார்ந்தேன். பழைய படமெல்லாம் பொக்கிஷம் என்று உருகுகிறவர்கள் யாரும் அவற்றை இரண்டாம் தடவை பார்த்திருக்க மாட்டார்கள். கதாநாயகி அழுதுகொண்டே இருக்கிறாள். பணக்காரன் கடைசி ரீலில் திருந்திவிடுகிறான். பதினெட்டுப் படங்களுக்கு நான் எழுதிய புது விமர்சனம் இரண்டே வார்த்தைதான்: பொறுக்க முடியவில்லை. பத்தொன்பதாவது படத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் தோட்டம் வண்டிப்பெரியாருக்கு மேலே, பஸ் நிற்கும் இடத்திலிருந்து நாலு மைல் ஏற்றம். அங்கே டாக்கீஸ் கிடையாது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், தொழிற்சாலையில் கொழுந்தைப் பரப்பி வாட்டுகிற மாடியில் சினிமா காட்டுவார்கள். ஜன்னல்களுக்குச் சாக்கைக் கட்டி வெளிச்சத்தை மறைப்பார்கள். படப்பெட்டி சனிக்கிழமை காலை பஸ்ஸில் வரும். வாடகை குறைவு என்பதால் எப்போதும் பழைய படம்தான். சனிக்கிழமை மத்தியானமே பெரிய கிளார்க் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, எங்கெங்கே அட்டை பிடிக்க வேண்டும் என்று குறித்துக்கொள்வார். தனக்குக் கெடாத கண் மற்றவர்களுக்கு மட்டும் கெட்டுவிடும் என்று நினைத்த மனிதர்.

உட்காருவதிலும் ஒரு முறை உண்டு. தொழிலாளிகள் முன்னால், திரைக்கு அடியில் தரையில். அங்கேதான் ஒலிபெருக்கிப் பெட்டி இருக்கும். ஆபீஸ்காரர்களும் டீச்சர்களும் பின்னால், ப்ரொஜெக்டரை ஒட்டி நாற்காலியில். அந்த மிஷின் கடகடவென்று போடுகிற சத்தத்தில் எங்களுக்குப் பாதி வசனம் கேட்காது. அதிலும் அட்டை பிடிக்கும்போது அவர் ஒலியையும் குறைத்துவிடுவார். ஆனாலும் நாற்காலி கிடைத்ததே என்று நாங்கள் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தோம். எனக்கு இருபத்திரண்டு வயது. தொழிலாளிகளின் வரிசை வீடான லயத்தில் பிறந்து நாற்காலிக்குப் போனவள் அந்தத் தோட்டத்தில் நான் ஒருத்திதான்.

என் நோட்டைப் பற்றி எப்படியோ கேள்விப்பட்டு, பெரிய கிளார்க் ஒருநாள் வாங்கிப் படித்தார். "நல்லா எழுதுதீங்களே டீச்சர்! இத திங்கக்கிழம பெரட்டுல வாசிச்சா என்ன?" என்றார். பெரட்டு என்பது வேலைக்குப் போகுமுன் தொழிலாளிகளை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற இடம். அன்றிலிருந்து சினிமாவுக்கு மறுநாள் காலையில், கூடையும், தலையில் போர்த்திய கொங்காணிச் சாக்குமாகக் குளிரில் நடுங்கி நிற்கிற முந்நூறு பேருக்கு முன்னால் நான் விமர்சனம் வாசித்தேன். அட்டை மறைத்த இடங்களை விட்டுவிட்டு வாசித்தால் கதை ஓட்டையாகத் தெரிந்தது. அதனால் முன்னும் பின்னும் பார்த்து, நடுவில் என்ன நடந்திருக்கும் என்று ஊகித்து, கண்ணால் பார்த்தது போலவே எழுதினேன். யாரும் சொல்லி எழுதவில்லை. நானாகத்தான் எழுதினேன். பெரிய கிளார்க் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலுக்காக இன்னும் அழகாக ஊகித்தேன்.

ஒரு வியாழக்கிழமை, கீழ் லயத்தில் இருந்த, கொழுந்து கிள்ளுகிற அக்கா ஒருவர் கங்காணியை அறைந்துவிட்டார். கொழுந்தில் முற்றல் இலை இருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் பெண்களின் கையைப் பிடிப்பது அந்த ஆளுக்கு வழக்கம். மற்றவர்கள் கையை உதறிக்கொண்டு போவார்கள். அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு, நிதானமாக அறைந்தார். விசாரணை வந்தது. அடுத்த புதன்கிழமை பெரட்டில் எல்லார் முன்னாலும் கங்காணியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் வேலையும் லயத்து வீடும் போகும் என்றார் பெரிய கிளார்க். அக்காவுக்கு வேறு போக்கிடம் இல்லை. யூனியன்காரர்கள்கூட, கேட்டுவிட்டால் விஷயம் முடிந்ததே என்று பேசினார்கள்.

இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் அந்தப் படம். துணி மில் கதை. தொழிலாளி ஒருவன் மேஸ்திரியை அடித்துவிடுகிறான். முதலாளி அவனை அறைக்குக் கூப்பிட்டு, மன்னிப்புக் கேள் என்கிறார். அந்த இடத்தில் அட்டை எழுந்தது. நாலு நிமிஷம் இருட்டு. நான் அட்டையின் மைக்கறையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அட்டை இறங்கியபோது அந்தத் தொழிலாளி பழையபடி தறியில் நிற்கிறான். பக்கத்தில் முதலாளி சிரித்தபடி நிற்கிறார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். அன்று சாயங்காலமே எழுதினேன்: 'தவறை உணர்ந்த நாயகன் கண்ணீர் மல்க மன்னிப்புக் கேட்கும் காட்சி உள்ளத்தை உருக்குகிறது.' திங்கட்கிழமை பெரட்டில் அதைக் கணீரென்று வாசித்தேன். பெரிய கிளார்க் இரண்டு தடவை தலையாட்டினார்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் அக்கா வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, "டீச்சர், நெசமாவே அவன் மன்னிப்பு கேட்டானா? நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார். பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படிக்கத் தெரியாத ஒருத்தியிடம், படித்த நான், இல்லாததை எழுதினேன் என்று ஒப்புக்கொள்வதா? "ஆமா அக்கா, கேட்டான். கேட்டா ஒண்ணும் கொறஞ்சு போயிராது" என்றேன். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் கை கூப்பினார். கங்காணி, சத்தமாச் சொல்லு என்றான். சத்தமாகச் சொன்னார். அதற்குப் பிறகு தினமும் அவருக்குச் செங்குத்தான சரிவிலேயே வேலை போட்டார்கள். எதிர்ப்படுகிறவன் எல்லாம் கை கூப்பிக் காட்டிக் கேலி பண்ணினான். மூன்று மாதத்தில் தோட்டத்தை விட்டுப் போய்விட்டார். இத்தனை வருஷமும் அதற்கெல்லாம் பெரிய கிளார்க்கைத்தான் வைதுகொண்டிருந்தேன். அது எனக்கு வசதியாக இருந்தது.

சித்தூர் வீட்டில் மகன் டிவியில் போட்டுத்தர, பத்தொன்பதாவது படமாக அதைப் பார்த்தேன். முதலாளி, மன்னிப்புக் கேள் என்கிறார். அவன், முடியாது என்கிறான். ஓங்கிய கை சரியாகத்தான் ஓங்கியது என்கிறான். வெளியே தறிகள் ஒவ்வொன்றாக நிற்கின்றன. கடைசியில் மேஸ்திரிதான் மன்னிப்புக் கேட்கிறான். பிறகு அந்தச் சிரிப்பு வந்தது. தோற்றவன், வேறு வழியில்லாமல் சிரிக்கிற சிரிப்பு. டிவியை நிறுத்திவிட்டேன். என்னமா, படம் பிடிக்கலையா என்றான் மகன்.

என் பழைய மாணவன் ஒருவன் வண்டிப்பெரியாரில் கடை வைத்திருக்கிறான். அவன் விசாரித்துச் சொன்னதில், அக்கா ஏலப்பாறையில் மகள் வீட்டில் இருப்பது தெரிந்தது. போனேன். எண்பது வயது. முழங்கால் போய்விட்டது, காது மட்டும் தீர்க்கம். என்னை அடையாளம் தெரிந்ததும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. படத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை, பெரிய கண்டுபிடிப்பு போலச் சொன்னேன்.

"அதா? அது எங்களுக்கு அன்னைக்கே தெரியுமே" என்றார். "படத்தத்தான மறச்சான், சத்தத்தயா மறச்சான்? கொறச்சு வச்சாலும் பெட்டிக்குக் கிட்ட இருந்தவளுவளுக்குக் கேக்காதா? முடியாதுன்னு அவன் சொன்னத கேட்டுத்தான் கைதட்டினோம். ஒங்களுக்குத்தான் பின்னால ஒண்ணும் கேக்கல."

கைதட்டல் எனக்கு ஞாபகம் இருந்தது. படம் ஏன் இருண்டது என்று தரையில் இருக்கிறவர்கள் கலாட்டா செய்வதாக அன்று நினைத்தேன்.

"தெரிஞ்சுமா எங்கிட்ட வந்து கேட்டீங்க?"

"நீங்களும் லயத்துப் பிள்ள. பெரட்டுல பொய் வாசிச்சுட்டீங்க, சரி, பெரிய கிளார்க்குக்குப் பயந்து வாசிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன். தனியா கேட்டா நெசத்தச் சொல்லுவீங்கன்னு வந்தேன். நான் பாக்கலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தாப் போதும். எனக்குன்னு ஒரு ஆளாவது இருக்குன்னு தெம்பா நின்னிருப்பேன். வீடு போனாப் போகுதுன்னு விட்டிருப்பேன். கை கூப்பியிருக்க மாட்டேன்."

நான் அவர் கையைப் பிடிக்கப் போனேன். இழுத்துக்கொண்டார். "கைய விடுங்க டீச்சர். கடேசி பஸ்ஸு வந்துரும், கெளம்புங்க" என்றார். மகள் கொண்டுவந்த டீ என் முன்னால் ஆறிக்கிடந்தது. எடுத்துக் குடிக்கத் தோன்றவில்லை.

திரும்பி வந்து நோட்டைத் திறந்தேன். இடது பக்கத்தில், இருபத்திரண்டு வயதுக் குண்டு எழுத்தில், கண்ணீர் மல்க, உள்ளத்தை உருக்குகிறது. பெரிய கிளார்க்கை வைது தனித்தாளில் ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. அவரே படித்திருந்தால் தலையாட்டியிருப்பார். கிழித்துப் போட்டேன். பிறகு அந்த வலது பக்கத்தில், பத்தொன்பதாவது படத்துக்கு, பள்ளிக்கூட வாசலில் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியதை எழுதினேன்: 'நான் பார்க்கவில்லை அக்கா. அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.'