கடை திறப்பதற்கு முன் வந்தவர்
தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு குடிநோய் சிகிச்சை மையத்தில் கேள்வி கேட்பது என் வேலை. "இன்றைக்கு ஐந்நூறு ரூபாய் வேண்டுமா, முப்பது நாள் கழித்து ஆயிரம் வேண்டுமா?" தொகையையும் நாளையும் மாற்றி மாற்றி இதையேதான் கேட்க வேண்டும். காத்திருக்கிறேன் என்பவருக்குப் பொறுமை அதிகம் என்று கணக்கு. கடைசியில் ஒரு பதிலைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, சொன்ன நாளில் அந்தத் தொகையை நிஜமாகவே கொடுத்துவிடுவோம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அச்சடித்த தாள் தப்பாக இருக்காது என்று நம்புகிறவன்.

பம்மலில் ஷேர் ஆட்டோ ஓட்டும் ஒருவர் எல்லாக் கேள்விக்கும் 'அப்புறம்' என்றார். சீட்டிலும் ஆயிரமே விழுந்தது. "எப்படிண்ணா இவ்ளோ பொறுமை?" என்றேன்.

"படிச்ச புள்ள, இதுகூடத் தெரியலியா? இன்னிக்குக் குடுத்தா உள்ள வச்சிகினு நான் இன்னா பண்றது? கேட்டு பூட்டிகீது. வெளிய போனாதான துட்டுக்கு வேல."

ஆராய்ச்சியை நடத்தும் மேடத்திடம் சொன்னேன். "அதுக்குத் தாள்ல இடம் இல்லப்பா. பதில மட்டும் எழுது." எழுதினேன்.

அவர் வீடு திரும்பிய பிறகு அவர் மனைவி போன் செய்தார். "இதுவரைக்கும் தொடல தம்பி. அந்த ஆயிரத்த மட்டும் அவரு கைல குடுத்துடாதீங்க." ஆராய்ச்சியில் சேரக் கையெழுத்துப் போட்டவரிடம்தான் தர வேண்டும் என்பது விதி. கூட வர மனைவிக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை.

முப்பதாம் நாள் பத்து மணிக்கே ஆட்டோக்காரர் வந்துவிட்டார். "கடை பன்னண்டுக்குத்தான் தொறப்பான். அதுக்குள்ள குட்த்துட்டீனா பஸ் ஏறிப் பூடுவேன்."

பணம் இருந்த பீரோவின் சாவி மேடத்திடம் இருந்தது. மேடம் மீட்டிங்கில் இருந்தார், போனை எடுக்கவில்லை. பதினொன்றரைக்கு, "நாளைக்கு வாங்கண்ணா" என்றேன்.

"நாளைக்கும் இதே ரோடு, இதே கடைதான தம்பி? வெறுங்கையோட போனா, குடிச்சிட்டு வந்துகீறேன்னு சொல்லுவா. உன்கிட்ட கீதா? குடேன், அப்புறம் நீ எட்துக்க."

என் பையில் இருந்தது. ரசீது தப்பாகிவிடுமே என்று, இல்லை என்றேன். இருவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மேடம் வரும்போது பன்னிரண்டு இருபது. ஆட்டோக்காரர் கையெழுத்துப் போட்டார், கவரை வாங்கினார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வாயேன் தம்பி."

அடுத்த ஆள் நாற்காலியில் காத்திருந்தார். மேடம் என்னைப் பார்த்தார்.

"நேரா போயிடுங்கண்ணா," என்றேன்.

அவர் கவரைச் சட்டைப் பையில் வைத்தார், வெளியே எடுத்தார், மறுபடியும் வைத்துக்கொண்டு போனார். நான் அடுத்தவரிடம் முதல் கேள்வியைக் கேட்டேன்.

ஐந்து மணிக்கு அவர் மனைவியிடமிருந்து போன். "அவரு இன்னும் அங்கதான் கீறாரா தம்பி?"

"பத்து மணிக்கே இங்க வந்துட்டாரு அக்கா," என்றேன். அவர் கேட்டது அதையல்ல.