அத்தை வீட்டுக்கு வந்த அண்ணன்

கட்டிய மனைவி வாயால் 'அண்ணே' என்று கூப்பிடப்பட்ட ஆள் எங்கள் மலையூர் நாயுடுபுரத்திலேயே என் மாமா ஒருவராகத்தான் இருப்பார். சுற்றுலா வேன் ஓட்டியவர். அவர் மனைவி என் அப்பாவின் தங்கை. அவர்கள் வீட்டில் தங்கித்தான் நான் பள்ளிக்கூடம் போனேன்.

அத்தை மூளைக்காய்ச்சலில் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தாள். வந்த சில நாளில், ஒரு காலை மாமாவைப் பார்த்து, “உக்காருங்கண்ணே. அவுக சவாரிக்குப் போயிருக்காக, வந்துருவாக” என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மாமாவும் முதலில் சிரித்தார்.

மாமாவின் முகத்தோடு வந்திருக்கும் வேற்றாள் அவர் என்பதில் அத்தை உறுதியாக இருந்தாள். அவர் கையால் மாத்திரை வாங்க மாட்டாள். நான் நீட்டினாலும், “அந்த அண்ணன் குடுத்து விட்டாரா?” என்று திருப்பித் தந்துவிடுவாள். மாத்திரை விட்டுப்போனால் வலிப்பு வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஒருநாள் மாமா வேன் ஸ்டாண்டிலிருந்து போன் செய்தார். குரலைக் கேட்டதுமே அத்தை மலர்ந்துவிட்டாள். “ஏங்க, வெரசா வாங்க. யாரோ ஒரு அண்ணன் நம்ம வீட்டுல வந்து கெடக்காரு. நல்ல மனுசன்தான், ஆனா உங்க சட்டையப் போட்டிருக்காரு.”

அன்றிலிருந்து மாமா கொல்லையில் பேரிக்காய் மரத்தடியில் நின்று போன் செய்வார். “அவருகிட்ட மாத்திரை குடுத்து விட்டிருக்கேன், போட்டுக்க.” பிறகு உள்ளே வந்து மாத்திரையை நீட்டுவார். “தேங்க்ஸ்ண்ணே” என்று அத்தை வாங்கிக்கொள்வாள். எனக்கு அது கண்ணாமூச்சி மாதிரி இருந்தது.

முகத்தை இன்னாருடையது என்று கண்டுகொள்ள மூளையில் ஒரு வழி, 'நம்மாள்' என்று உணர இன்னொரு வழி என்று பின்னாளில் படித்தேன். இரண்டாவது அறுந்தால் கண் ஒப்புக்கொண்டதை மனம் ஒப்புக்கொள்ளாது. காதின் வழி வேறு. அத்தைக்கு அது மட்டும் அறாமல் இருந்திருக்கிறது.

ஒரு மழைநாளில் டவர் போய்விட்டது. போன் வராததால், “அவுகளுக்கு என்னமோ ஆயிருச்சு” என்று அழுதபடி அத்தை தேடக் கிளம்பிவிட்டாள். மாத்திரை மேசைமேல் அப்படியே இருந்தது. வாசலில் எதிர்வீடு தெரியாத பனிமூட்டம். மாமா என்னிடம் வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, பின்பக்கமாகச் சுற்றி வேலிக்கு அப்பால் போய் நின்றார்.

“ஏ புள்ள! எங்க கெளம்பிட்ட?”

அத்தை அப்படியே நின்றாள். “ஏங்க! வந்துட்டீகளா?”

“ஆள எறக்கிவிட்டுட்டு வந்துர்றேன். மாத்திரையப் போடு.”

என்னை மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவரச் சொல்லி, வாசலிலேயே விழுங்கினாள். பிறகு இரண்டு பேரும் வேலிக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமுமாக வாய் ஓயாமல் பேசினார்கள். “மிஸ்ட்டு விலகவும் வாங்க, சோறு எடுத்து வைக்கேன்” என்று அத்தை சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

நான் வேலிக்கு ஓடினேன். “வெயில் வருது மாமா, உள்ள போகலாம்.”

நனைந்துபோய் நின்ற மாமா, “மிஸ்ட்டு இன்னும் செத்த நேரம் நிக்கட்டும்மா” என்றார்.

ஊரே வெயிலுக்கு ஏங்கிக் கிடக்கிறது, இவர் மட்டும் ஏன் இப்படிச் சொல்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.