அத்தையின் இருமல்

காலை ஐந்தரை மணி, வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் கூடுவதற்கு முன்னால், எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பைப்படியில் அத்தையின் பழுப்பு நிற சுவெட்டர் கழற்றிப் போட்டபடி கிடக்கும். பக்கத்திலேயே அத்தை ரவிக்கையும் கைலியுமாக நின்று முகத்திலும் கழுத்திலும் பச்சைத் தண்ணீரை அடித்துக்கொண்டிருப்பார். எழுபதுகளின் கடைசி அது. கேமரன் மலைக் குளிரில் நாங்கள் இரண்டு சுவெட்டர் போட்டு, தலையில் துண்டும் கட்டிக்கொண்டுதான் வாசலைத் தாண்டுவோம். அந்தக் குளிர் உறைக்காமல் ஒருவர் நின்றால் அவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று தோட்டத்தில் யாரும் யோசிக்காமலேயே சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை. கல்யாணமாகி நான்காம் வருடம் அவர் காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. மலைக்குக் கீழே பெரிய மனநோய் ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தபோது புருஷன் வீட்டில் கதவைத் திறக்கவில்லை. எங்களோடு வந்து தங்கினார். மாத்திரை போட்டுக்கொண்டு கொழுந்தெடுக்கப் போனார், மற்றவர்களுக்குக் குறையாமல் எடுத்தார். அடுப்படிக்குப் பின்னால் இருந்த ஈரச் சுவர் அறையைத்தான் அவருக்குக் கொடுத்திருந்தோம். விறகுப் புகை முழுவதும் அங்கேதான் போய் அடையும். குரல்கள் அதிகமான நாட்களில் தூங்கமாட்டார், சோற்றைத் தொடமாட்டார். மறுபடியும் கீழே கொண்டுபோய் விட்டுவிடுவார்களோ என்ற பயம் வேறு. இத்தனையையும் தாங்கிக்கொண்டு ஓர் உடம்பு எத்தனை வருடம் நோயை எதிர்த்து நிற்கும்? மனநோய் வந்தவருக்குக் கழுத்துக்குக் கீழே உடம்பே கிடையாது என்று நாங்களாகவே முடிவுகட்டி வைத்திருந்தோம்.

அந்த வருடம் மழைக்காலத்தில் ஆரம்பித்த இருமல் மழை விட்டும் விடவில்லை. அத்தை டிஸ்பென்சரிக்கு வந்தார். நான் அங்கேதான், தோட்டத்து ஆட்களுக்கு மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸருக்கு உதவியாளாக வேலை பார்த்தேன். நோயாளியின் அட்டையில் விவரம் எழுதுவது என் வேலை.

"விடிய முன்ன உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுது தம்பி. நெஞ்சுல குத்துது. ஐயாகிட்ட சொல்லு" என்றார்.

டிரெஸ்ஸர் கெட்டவர் இல்லை. பிரசவம் என்றால் மழையிலும் ஓடுவார். ஆனால் அத்தையைப் பார்த்ததும் ஸ்டெதாஸ்கோப்பைக் கையில்கூட எடுக்கவில்லை. "இந்தக் குளிருல வேர்க்குதாம். உங்கத்தைக்கு பழசு திரும்பிருச்சி லா. மாத்திரைய ரெண்டா குடு" என்றார். நான் அட்டையில் 'ஓல்ட் கேஸ்' என்று எழுதினேன். மாதம் ஒருமுறை வரும் டாக்டர் அட்டையைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார், ஆளைப் பார்க்கவில்லை. இரட்டை மாத்திரையில் அத்தை நாள் முழுக்கக் கிறங்கிக் கிடந்தார். "இப்ப சத்தம் கொஞ்சம் கொறஞ்சிருக்கு" என்று அம்மா சொன்னார். குறைந்தது நோய் இல்லை, இருமுவதற்கான தெம்பு. ஒன்பது மாதத்தில் ஏழு தடவை வந்தார். ஏழு தடவையும் அதையே எழுதினேன். இன்று நினைத்தாலும் என் கையை நானே உடைத்துப் போடலாம் போலிருக்கிறது.

பிறகு எனக்கு இருமல் வந்தது. பத்தாவது நாள் டிரெஸ்ஸர் என் முதுகில் காது வைத்துக் கேட்காத குறையாகச் சோதித்து, தோட்டத்து லாரியிலேயே ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அன்று மத்தியானமே நெஞ்சைப் படம் எடுத்தார்கள். காசநோய். அங்கிருந்த டாக்டர் ஈப்போவிலிருந்து மாற்றலாகி வந்திருந்த தமிழர்.

"வீட்ல வேற யாருக்காவது இருமல் இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லீங்க டாக்டர்" என்றார் அப்பா. நானும் தலையாட்டினேன். பொய் சொல்லவேண்டும் என்று நினைத்து அல்ல. உண்மையிலேயே ஞாபகம் வரவில்லை. வீட்டில் எத்தனை பேர் என்று அவர் ஒவ்வொருவராகக் கேட்டு எழுதியபோதுதான் அப்பா அத்தையின் பேரைச் சொன்னார்.

"அவங்க இருமுவாங்களா?"

"இருமும். ஆனா அது வேற, டாக்டர். அதுக்கு புத்தி சரியில்ல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இருமல்ல என்னங்க வேற?" என்றார்.

மறுநாள் அத்தையை அழைத்து வந்தார்கள். அவருடைய படத்தில் ஒரு பக்கத்து நுரையீரல் ஏறக்குறைய போயிருந்தது. விடியற்காலை வேர்வை அந்த நோயின் வேலைதான் என்று டாக்டர் சொன்னார். உடம்பு கொதித்து வேர்த்ததால் அத்தை சுவெட்டரைக் கழற்றினார், அவ்வளவுதான். அவர் அதைத்தான் தெளிவாக, வரிசையாக, ஏழு தடவை என்னிடம் சொன்னார்.

இப்போது ரிங்லெட்டில் என் பக்கத்து வீட்டுப் பையனுக்கும் அத்தையைப் போலவே காதில் குரல்கள் கேட்கின்றன. போன மாதம் கால் புண்ணைக் காட்ட அவனோடு நான் கிளினிக்குக்குப் போனேன். "மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடுறானா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்கள். புண்ணைப் பாருங்கள் என்று நான் சத்தம் போட்ட பிறகுதான் கட்டை அவிழ்த்தார்கள். இத்தனை வருடம் கழித்தும் கத்தினால்தான் காலைப் பார்க்கிறார்கள்.

அன்று டவுன் ஆஸ்பத்திரி மருந்தில் எனக்கு மூன்றாம் மாதமே முகம் தெளிந்துவிட்டது. அத்தைக்கு எந்த மருந்தும் ஒட்டவில்லை. பெண்கள் வார்டில் கடைசியாக நான் பார்த்தபோது என்னைக் கட்டிலருகே வரவிடாமல் கையால் தடுத்தார். மூச்சு வாங்கி வாங்கித்தான் பேச முடிந்தது.

"எங்கிட்ட இருந்துதானே தம்பி ஒனக்கு வந்துச்சி. நான் தள்ளித் தள்ளித்தான்யா இருந்தேன். மனசுல வச்சிக்காத."

டிரெஸ்ஸர் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பா அம்மா சொல்லவில்லை. அடுத்த வாரம் அத்தை இறந்துபோனார், அதுவரை நானும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டது அவர் ஒருவர்தான். நான் பெரிய மனது பண்ணி, "பரவால்ல அத்தை" என்று அவரை மன்னித்துவிட்டு வந்தேன்.