றெஜினா ரீச்சரின் தூரத்துச் சொந்தம்

றெஜினா ரீச்சர் மோசம்போய்விட்டார், நாளை அடக்கம் என்று பேசாலைப் பள்ளிக்கூட அதிபர் அழைத்துச் சொன்னபோது, நான் எருக்கலம்பிட்டியில் வீட்டு வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துணியைக் கீழே வைத்தேன். அவரோடு படிப்பித்த உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு கதை இருக்கிறது.

இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்த நான், ஊர் திரும்பிய கையோடு அந்தப் பள்ளிக்கூடத்துக்குச் சித்திர ஆசிரியராகப் போனேன். பேசாலையில் என்னைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. விஞ்ஞானக் கண்காட்சிக்கு எடபோசோரஸ் ஒன்று செய்து தாருங்கள் என்றார் விஞ்ஞானம் படிப்பித்த ரீச்சர். டைனோசர்களுக்கு வெகுகாலம் முந்தியது, இலைதழை தின்பது, முதுகில் படகுப் பாய் போல விரித்தது. பார்வைக்குப் பல்லிதான், ஆனால் உறவு பாலூட்டிகளான நமக்கு என்றார். தகப்பனாருடைய வள்ளத்தின் பழைய பாயையே கொண்டுவந்து தந்தார். முதுகு முள்ளுகளைப் பனைமட்டையில் சீவினேன். ஒவ்வொன்றிலும் குறுக்கே சின்னச் சின்னக் கட்டைகள் இருக்கவேண்டும் என்று, படத்தைக் காட்டி விடாப்பிடியாக நின்றார்.

கண்காட்சிக்கு முதல்நாள், ஊர்க் கத்தோலிக்கக் கோயிலின் மூப்பர் பார்க்க வந்தார். முகம் கறுத்துவிட்டது. மிருகத்தின் முதுகில் வரிசையாகக் குருசு நட்டிருக்கிறது, செய்தவரோ முஸ்லிம் மாஸ்ரர், சனம் என்ன நினைக்கும் என்றார். இப்படியொரு பெயரோடு அந்த ஊரில் எப்படி வேலை செய்வது? குறுக்குக் கட்டைகளை ஒடித்துவிடுகிறேன் என்று கையை நீட்டினேன்.

ரீச்சர் நடுவில் வந்து நின்றார்.

"ஒடிக்காதேங்கோ சேர். ஆண்டவர் வைச்ச எலும்பை நாங்கள் ஏன் ஒடிப்பான்?"

பிறகு மூப்பர் பக்கம் திரும்பினார். "செய்யச் சொன்னது நான். பிழையெண்டா என்னைக் கேளுங்கோ. இது இலை தின்னிற சீவன். எனக்குத் தூரத்துச் சொந்தம். உங்களுக்கும்தான்."

மூப்பர் போய்விட்டார். மறுநாள் காலை அவர் ஒரு பிடி பூவரசங்குழையோடு வந்து, அதை எடபோசோரஸின் வாயில் செருகினார். அந்தக் காலத்தில் பூவரசு இல்லையே என்று ரீச்சரிடம் மெதுவாகச் சொன்னேன். பரவாயில்லை, பசியாறட்டும் என்றார். அதன்பின் பேசாலையில் யாரும் என்னை வேற்றாளாகப் பார்க்கவில்லை. அந்த நன்றி எனக்குத் தீராது.

கண்காட்சி முடிந்து எல்லாவற்றையும் கழற்றியபோது ரீச்சர் ஒரு முள்ளை எனக்குத் தந்தார். கட்டை ஒன்றும் ஒடியாமல் அது எங்கள் அலுமாரியின் மேல் இருக்கிறது. முஸ்லிம் வீட்டில் குருசா என்று கேட்கிறவர்களிடம், ரீச்சருடைய சொந்தக்காரரின் எலும்பு என்று சொல்லிவந்தேன். சேமக்காலையில் அவருக்கு ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்த அன்றும் ஒருவர் கேட்டார். எங்கள் குடும்பத்து எலும்பு என்றேன்.