ஆழத்தம்மனைத் தோண்டி எடுத்த நாளில் நெய்வேலியில்

நெய்வேலிக்கு நான் கிளம்பியது சுரங்கம் பார்க்கத்தான். சக்கரம் வைத்துப் பூமியைச் சீவுகிற அந்த ராட்சத இயந்திரத்தை ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று நெடுநாள் ஆசை. 2014 தை மாதம், பொங்கல் முடிந்த கையோடு விமலா போன் செய்தாள். விடுதியில் என் அறைத்தோழி. இப்போது ஒரு கல்லூரியில் நிலவியல் நடத்துகிறாள். கணவருக்குச் சுரங்கத்தில் பர்மனென்ட் வேலை என்பதால் நகரியத்தில் குவார்ட்டர்ஸ். சனிக்கிழமை வந்தால் சுரங்கம் காட்டுவதாகவும், ஞாயிற்றுக்கிழமை தன் பிறந்த வீட்டுக் குலசாமியைத் தோண்டி எடுக்கப்போவதால் அதையும் பார்க்கலாம் என்றும் சொன்னாள். குலசாமியைத் தோண்டுவதா? போனை வைத்த கையோடு பையை எடுத்துவிட்டேன்.

கோயம்பேட்டில் காலை ஆறு மணிக்கு அரசுப் பேருந்து. விக்கிரவாண்டி, பண்ருட்டி வழியாகச் சுமார் இருநூறு கிலோமீட்டர், ஐந்து மணி நேரம். எனக்கு டிக்கெட் 140 ரூபாய்க்குள் முடிந்தது. பண்ருட்டியில் ஜன்னலோரம் வந்த வறுத்த முந்திரியை வாங்கினேன், நெய்வேலி ஆர்ச் கேட்டில் இறங்கும்போது பொட்டலம் காலி. அங்கிருந்து ஆட்டோ எண்பது ரூபாய். விமலா கொடுத்த தெருப்பெயரை நான் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். ஓட்டுநர் பொறுமையாக, "பேருலாம் வேணாங்க, எந்த பிளாக்கு, அத்த சொல்லுங்க" என்றார். நம்பரைச் சொன்னதும் வாசலிலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டார். நகரியம் முழுக்க அகலமான சாலை, இரு பக்கமும் மரம், ஷிப்டுக்குப் போகிற சைக்கிள்கள். எனக்கு அங்கேயே ஒரு குவார்ட்டர்ஸ் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பிற்பகல் சுரங்கம். விமலாவின் கணவர் முன்கூட்டியே அனுமதி வாங்கி வைத்திருந்தார். பார்வை மேடையில் நின்று கீழே எட்டிப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை (என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்). மேலே செம்மண், அதன்கீழ் வெளிறிய மணல், எல்லாவற்றுக்கும் அடியில் கன்னங்கரேலென்று நிலக்கரி. சக்கர இயந்திரம் மண்ணைச் சீவிச் சீவிக் கன்வேயர் பட்டையில் கொட்ட, அந்தப் பட்டை கண்ணுக்கெட்டாத தூரம் வரை ஓடிக்கொண்டே இருந்தது. அந்தக் கரி முழுக்க ஒரு காலத்துக் காடு, கோடி ஆண்டுக் கணக்கு என்று விமலா விளக்கினாள். வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு பேரிடம் போனில் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

டீ குடிக்கும்போதுதான் விமலா மறுநாள் விஷயத்தைச் சொன்னாள். மந்தாரக்குப்பத்துக்கு அப்பால் அவர்கள் பூர்வீக ஊர். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தாயிற்று, பாதிப் பேர் வீட்டைப் பிரித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அங்கே மேட்டில் இடுப்புயரக் கல்லாக நிற்கிறாள் ஆழத்தம்மன். அவள் தானாக முளைத்தவள், அவள் அடி பாதாளம் வரை போகிறது, எவ்வளவு தோண்டினாலும் முடியாது என்பது நம்பிக்கை. பேரே அதனால் வந்ததுதான். விமலாவின் அண்ணன் தங்கவேலு சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி, இந்தக் கோயிலுக்குப் பூசாரியும் அவர்தான். அடியில்லாதவளைப் பெயர்க்க முடியாதே. அதனால் ஊர் வழக்கப்படி பிடிமண் எடுப்பது, அதாவது கோயில் மண்ணில் ஒரு பிடி எடுத்துப்போய்ப் புது இடத்தில் வைத்து அங்கே சாமியைக் குடியேற்றுவது என்று முடிவாகியிருந்தது. கல் அங்கேயே நிற்கும், பிறகு ஒருநாள் இயந்திரம் வரும்.

விமலாவுக்கு அது பொறுக்கவில்லை. படித்த கண்ணுக்கு அந்தக் கல் என்னவென்று எப்போதோ தெரிந்துவிட்டது. அது கல்லாகிப்போன மரம். முளைத்ததும் இல்லை, பாதாளத்துக்குப் போவதும் இல்லை, ஆற்று மணலில் புதைந்துபோன ஒரு துண்டு. கட்டாயம் அடி இருக்கும், தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டாள். ஒரு வாரம் கழித்து அவரே, தோண்டலாம் என்றாராம்.

"நான் சொன்னது தப்பா இருந்தா கல்லு போயிடும். சரியா இருந்தா அண்ணனுக்குச் சாமி போயிடும். எதுன்னு வேண்டிக்கறதுன்னே தெரியலடி" என்றாள். சாமி கும்பிடுவதை விட்டுப் பல வருடமான விமலாவின் வாயில் வேண்டுதல் என்ற சொல்! கிண்டல் செய்ய நாக்கு துடித்தது, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.

ஞாயிறு காலை விமலாவின் ஸ்கூட்டரில் எட்டு கிலோமீட்டர். மேட்டில் முப்பது பேருக்குக் குறையாமல் கூடியிருந்தார்கள். தங்கவேலு ஐம்பதை நெருங்குகிறவர், ஒல்லி, இடுப்பில் மஞ்சள் வேட்டி. முதலில் மந்திரம் சொல்லி, அம்மனைக் கல்லிலிருந்து அழைத்துச் செம்புத் தண்ணீரில் இறக்கினார். வேப்பிலை செருகிய அந்தச் செம்பு, விமலாவின் அத்தை அஞ்சலையின் மடியில் வைக்கப்பட்டது. தாய் இல்லாத விமலாவை வளர்த்தவர் அஞ்சலை அத்தை. பிடிமண்ணே போதும், கல்லில் கை வைக்காதே என்று கடைசி வரை சொன்னவரும் அவர்தான். எனக்கு இடம் ஒதுக்கி உட்கார வைத்தார், சாப்பிட்டாயா என்று கேட்டார். விமலா பக்கம் திரும்பவே இல்லை.

நாலு பேர் கடப்பாரையோடு இறங்கினார்கள். முழங்கால் ஆழம், கல் போய்க்கொண்டே இருந்தது. இடுப்பளவு வந்தது, இன்னும் போனது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு, பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். உண்மையைச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் அறிவியலில் நல்ல மதிப்பெண் வாங்கிய நான், அது முடியவே கூடாது என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன். விமலா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது.

நெஞ்சளவு ஆழத்தில் கடப்பாரை கல்லுக்கு அடியில் சுலபமாக நுழைந்தது. தோண்டியவர் நிமிர்ந்து தங்கவேலுவைப் பார்த்தார். அவர் குழிக்குள் இறங்கி, கல்லுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். வெறும் மணல். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு சங்கிலி கட்டிக் கல்லை மேலே ஏற்றிப் படுக்க வைத்தார்கள். தங்கவேலு குடத்துத் தண்ணீரை அதன் அடிப்பக்கத்தில் ஊற்றித் தேய்த்தார். மண் கரைய, சிவப்பும் வெள்ளையுமாக வட்டத்துக்குள் வட்டம் தெரிந்தது. ரம்பத்தில் அறுத்த மரம் எப்படி இருக்குமோ அப்படியே. அழகு என்றால் அப்படி ஓர் அழகு! இது என்ன பாப்பா என்று அவர் தங்கையைக் கேட்டார். மரம் வருடா வருடம் பெருத்த வளையங்கள் என்று விமலா தடுமாறித் தடுமாறிச் சொன்னாள், மரம் நின்ற காலத்தில் மனிதர்களே கிடையாது என்றாள். அவர் விரலால் ஒவ்வொரு வட்டமாகத் தடவினார். அவர் உடைந்துபோவார் என்று நானும் காத்திருந்தேன்.

"கும்புடறதுக்கு ஒரு ஆளு இல்லாத காலத்துலயே இருந்துகினு இருந்தாளா" என்றார். வட்டத்திலிருந்து விரலை எடுக்காமல், "இத்தினி நாளா பாதியத்தாம்மா கும்புட்டுகினு இருந்திருக்கோம். இந்தப் பாதிய யாருமே பாக்கல" என்றார். ஈரக் கையோடு குங்குமத்தை எடுத்து அந்த வளையங்களின் நடுவில் வைத்தார். பாதாளக் கதையை இனிமேல் சொல்வதில்லை என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். விமலா அழுதாள், நானும்தான்.

அஞ்சலை அத்தை எழுந்து, செம்பைத் தங்கவேலுவின் கையில் கொடுத்தார். "அப்போ எங்கம்மா சொன்னது பொய்யாடா?" என்று கேட்டார். அத்தை குழியோரம் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, குங்குமம் வாங்காமல் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்துவிட்டார். விமலா பின்னாலேயே ஓடினாள். அத்தை நிற்கவில்லை.

நம்பிக்கை ஆதாரத்துக்கு முன்னால் நிற்குமா என்று முன்பெல்லாம் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர்களிடம் வாய் வலிக்க வாதாடியிருக்கிறேன். ஒரே குழி, ஒரே கல், ஒரே மணல். ஒருவருக்குச் சாமி இரண்டு பங்கானது, இன்னொருவர் கல்லை விட்டுவிட்டு மண்ணை எடுத்துக்கொண்டார். இருவருமே நம்புவதை நிறுத்தவில்லை. ஆனால் அத்தையிடம் ஏதோ ஒன்று அன்று முறிந்தது, அதைப் பார்க்காத மாதிரி எழுத எனக்கு மனமில்லை.

போக நினைப்பவர்களுக்கு: சுரங்கம் பார்க்க முன்அனுமதி கட்டாயம், உள்ளே யாரையாவது தெரிந்திருந்தால் நல்லது. வெயிலுக்கு முன், தை மாசியில் போங்கள். தைப்பூசத்தன்று மட்டும் வேண்டாம், வடலூர் ஜோதி பார்க்கப் போகும் கூட்டத்தில் பேருந்தில் நிற்கவும் இடம் கிடைக்காது. மந்தாரக்குப்பம் பேருந்து நிலையத்தருகே பரோட்டா அருமை. ஆழத்தம்மன் இப்போது ஊர்க்காரர்கள் குடியேறிய மனைப்பகுதியில், தகரக் கொட்டகைக்குள் முழு உடம்பும் தெரியப் படுத்திருக்கிறாள். மாலையில் போனால் தங்கவேலு டார்ச் அடித்து முதலில் வளையங்களைக் காட்டுவார், அப்புறம் சூடம் காட்டுவார். இரண்டையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

இதை எழுதுவதற்கு முன் விமலாவுக்குப் போன் செய்தேன். கொட்டகைக்குத் தினமும் ஆள் வருகிறதாம். அஞ்சலை அத்தை தன் வீட்டு மூலையில் அந்த மண்ணை வைத்து விளக்கேற்றுகிறாராம். தங்கவேலு போனால் சோறு போடுகிறாராம். விமலா போனால் மட்டும், யாரோ வந்திருக்காங்க பாரு என்று உள்ளே பார்த்துச் சொல்கிறாராம். அப்படியும் விமலா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அத்தை வீட்டுக்குப் போகிறாள்.