லேமினேஷன் போட்ட சீட்டு

இது நடந்தது. என் செமஸ்டர் மார்க்கின் மேல் சத்தியம் செய்தால் நம்ப மாட்டீர்கள். அம்மா மேல் சத்தியம்.

அம்மா சுருளியம்மாளுக்குப் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை. முட்டிவலி. எங்கள் தோட்டத்து லைன் வீடுகளில் யாருக்கு எங்கே வலித்தாலும் ஒரே மருந்துச் சீட்டுதான். மாயக்காள் என்று யாருக்கோ எழுதியது. கிழியாமலிருக்க லேமினேஷன் வேறு. ரேஷன் கார்டுக்குக்கூட அந்த மரியாதை கிடையாது. அதன் பளபளப்பைப் பார்த்ததுமே போடி மெடிக்கல்காரர் முப்பது மாத்திரையை எடுத்து வைத்துவிடுவார். பெயருக்குக் கீழே யாரும் படித்ததில்லை. நானும்தான்.

மூன்று மாதத்தில் அம்மாவுக்கு வலி போய்விட்டது. முகமும் காலும் வீங்கின. உடம்பு தேறுகிறது என்று சொன்னவன் நான்.

போன ஆவணி. வெள்ளிக்கிழமை. மூன்று அட்டை மாத்திரையோடு போடியில் ஜீப் ஏறினேன். பின்னால் நான் மட்டும். ஓட்டியவர் யோகராஜ் அண்ணன்.

மாலை 5.40. பதினோராவது கொண்டை ஊசி வளைவு. மூடுபனி.

சரக்... சரக்...

யாரோ கால் தேய்க்கும் சத்தம்.

எதிர் சீட்டில் ஒரு பெண். ஜீப் எங்கும் நிற்கவில்லையே?

இரண்டு பாதமும் பூசணிக்காய் மாதிரி. விரலில் மெட்டி இல்லை. மெட்டி அழுத்திய பள்ளம் மட்டும்.

“யாருக்கு மாத்திர, அப்பு?”

“அம்மாவுக்கு.”

“எத்தன?”

“முப்பது.”

“எனக்கு அஞ்சு நாளைக்குத்தேன் எழுதுனாக.”

சரக்...

“தனியா யாருட்ட மாப்ளே பேசுற? லவ்வா?” முன்னாலிருந்து யோகராஜ் அண்ணன்.

திரும்பி அவரைப் பார்த்தேன். மறுபடி இந்தப் பக்கம்...

சீட் காலி.

பாதம் இருந்த இடத்தில் ஈரம்.

6.25. வீடு. அம்மா சொம்புத் தண்ணீரோடு காத்திருந்தார்.

“வெரசா கொண்டா, அப்பு.”

அட்டைகளை எடுத்தேன்.

ஐந்து மாத்திரை. மற்ற இருபத்தைந்து குழியும் காலி.

பின்பக்கத் தகடு எங்குமே கிழியவில்லை.

கொடுக்கவில்லை. விடிந்ததும் ஆஸ்பத்திரி. “இன்னும் ஒரு மாசம் இந்த வலி மாத்திரையத் தின்னிருந்தா கிட்னி மொத்தமும் போயிருக்கும்” என்றார் டாக்டர்.

வார்டில் கேட்டேன்.

“மாயக்காள் யாரும்மா?”

“நீ ஹாஸ்டல்ல இருக்கயில இங்கிட்டு வேலைக்கு வந்த புள்ள. போன வருசமே செத்துப்போச்சு. காலு வீங்கி... மெட்டிய அறுத்துத்தேன் எடுத்தோம்.”

“செத்தவ சீட்டையா இத்தன நாளா...”

“நமக்கு வலிக்கு நல்லாக் கேட்டுச்சேப்பு.”

பையிலிருந்து சீட்டை எடுத்தேன். முதல் தடவையாக முழுசாகப் படித்தேன். ஐந்து நாள். அடியில் இரண்டு கோடு.

கிழித்தேன்.

கிழியவில்லை.